தேவிகுளம்: விதி கேள்வியான மலை

கேரளத்தின் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். ஐம்பத்தெட்டு வயதில் வேலை முடிகிறபோது அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் முடிந்துவிடும். முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவருக்குக் கடைசியில் பிஎஃப் பணமும் கிராஜுவிட்டியும் வரும். தலைக்கு மேல் கூரை இருக்காது. வீட்டைக் காப்பாற்ற ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிவது. யார் படிப்பை விடுவது என்ற கேள்வி அந்த வீடுகளில் தலைமுறைதோறும் எழுந்தது. பெரும்பாலும் அது மகள் மீதோ மருமகள் மீதோ விழுந்தது. அவளுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவளுக்கும் ஐம்பத்தெட்டு வயது வந்தது.

விரக்தியில் இருப்பவரிடம் நாம் சொல்கிற ஆறுதல் எல்லாருக்கும் தெரியும். மனசைத் தேற்றிக்கொள், நம்பிக்கையோடு இரு, ஓர் இலக்கை வைத்துக்கொள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் நாளைய நாள் எப்படி இருக்கும் என்று பிறக்கும்போதே எழுதி வைக்கப்பட்ட ஓரிடத்தில் இந்த வார்த்தைகளுக்கு என்ன வேலை? தேவிகுளம் மலைகளில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த அவநம்பிக்கை யாருடைய மனக்கோளாறும் இல்லை. அது ஏற்பாட்டிலேயே இருந்தது. அதை அங்கே உழைத்தவர்கள் விதி என்று சொன்னார்கள். அந்த விதியைக் கேள்வியாக்கியது எப்படி, கேள்வி கேட்டபின் என்ன மாறியது, என்ன மாறாமல் நிற்கிறது என்பதைப் பார்ப்பது இன்று வழி தெரியாமல் நிற்கும் எல்லாருக்கும் பயன்படும்.

அன்று: மலையேறிய வழி

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காபி, சிங்கோனா என்று பலதையும் நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை வைத்தார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. காடு தோட்டமாக ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்தார்கள்.

மன்றோ குத்தகை எழுதிய காலம் தமிழ்நாட்டுக்குத் தாது வருஷப் பஞ்சத்தின் காலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் சனங்கள் கஞ்சிக்கில்லாமல் செத்தார்கள். கரிசல் காட்டிலும் மானாவாரி நிலத்திலும் கூலிக்கு உழைத்தவர்கள், பெரும்பாலும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள், ஆள் சேர்க்கும் கங்காணி நீட்டிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறினார்கள். சொந்த ஊரில் தெருவில் நடக்கவும் குளத்தில் தண்ணீர் எடுக்கவும் தடை இருந்தவர்களுக்கு மலை ஒரு தப்பிப்பாகவே தோன்றியிருக்கும். ஆனால் வாங்கிய முன்பணம் கடனாகி, கடன் அவர்களைத் தோட்டத்திலேயே பிடித்துவைத்தது. குளிரும் அட்டையும் காய்ச்சலும் அதற்குமேல். பக்கத்து ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. கங்காணிக் காலம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுபோக 1902இல் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அது குறுகிய ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போயின. பெட்டிகளுக்கு இத்தனை வசதி. கூலிகளோ குழந்தைகளைத் தோளில் சுமந்து அதே மலைச்சரிவில் நடந்தே ஏறினார்கள். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. பாதை திரும்பக் கட்டப்படவில்லை. தோட்டம் தொடர்ந்தது, லயங்களும் தொடர்ந்தன.

அந்தக் காலத்தில் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் உண்டா என்று அவர்களிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள்: கடன் அடைக்க வேண்டும், ஊருக்குத் திரும்ப வேண்டும். கடன் அடைபடவில்லை. திரும்பிப் போக ஊரில் நிலமும் இல்லை. இரண்டாம் தலைமுறைக்கு ஊர் என்பது கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் இடமானது. மூன்றாம் தலைமுறைக்கு லயம்தான் ஊர். அந்த ஊரில் ஒரு சாண் மண்கூட அவர்கள் பெயரில் இல்லை.

அன்று: எழுந்த குரல்களும் அடங்கிய குரல்களும்

அவர்கள் எதுவும் கேட்காமல் இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலத்தில் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954இல் அதன் தலைவர்களில் ஒருவரான மார்ஷல் நேசமணி தடையை மீறி இந்த மலைக்கு வந்து கைதானார். 1956 நவம்பர் 1ஆம் தேதி தென்திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. தோட்டத் தமிழர்கள் இருந்த இடத்திலேயே மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

தொழிற்சங்கம் வந்தது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது பெரிய சோதனை. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் பண்ணைப்புரத்திலிருந்து வந்து லயம் லயமாகப் பாடினார். ரோசம்மா வென்றார். வெற்றியில் அந்தத் தமிழ்ப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அன்றைய தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். தங்கள் மொழியில், தங்கள் கூலியைப் பற்றி ஒருவர் மேடையில் பாடுவதைக் கேட்ட சனம், தாங்களும் கணக்கில் இருக்கிறோம் என்று உணர்ந்த காலம் அது.

அந்த உணர்வு நீடிக்கவில்லை. சங்கங்கள் கூலியைக் கூட்டின, போனஸ் வாங்கித் தந்தன. இதை மறுக்க முடியாது. ஆனால் நாளடைவில் பேசுவது சங்கத் தலைவரின் வேலை, கேட்பது தொழிலாளியின் வேலை என்றானது. கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். சங்கத் தலைமையில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பேச்சுவார்த்தை திருவனந்தபுரத்தில் நடக்கும், முடிவு, வேலைக்குப் பேர் எடுக்கும் மஸ்டரில் வாசிக்கப்படும்.

நிலத்தின் கதையும் இதேபோல்தான். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தோட்டத்துக்குத் தேவைப்படாத நிலத்தை நிலமற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. அந்த மண்ணிலேயே தலைமுறையாக உழைத்த பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு துண்டும் வரவில்லை.

2005இல் இன்னொரு மாற்றம். டாடா டீ நிறுவனம் மூணாறு தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலக, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவானது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதில் பங்குதாரர்கள் ஆனார்கள். தொழிலாளிகளே கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கும் ஏற்பாடு உலக அளவில் பேசப்பட்டது. வீட்டில் பங்குப் பத்திரம் இருந்தது. ஆனால் கூலி எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று முடிவாகும் இடத்தில் கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு நாற்காலி இல்லை.

திருப்பம்: 2015 செப்டம்பர்

அந்த ஆண்டு கொழுந்து எடுப்பவரின் தினக்கூலி 232 ரூபாய். குறைந்தது 21 கிலோ கொழுந்து எடுத்தால்தான் அந்தக் கூலி முழுசாக வரும். காலையில் பனியில் இறங்கி, இடுப்பு வரை நனைந்து, சரிவில் மூட்டையைச் சுமந்து ஏறி, மாலையில் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்களுக்கு, அந்த வருஷம் போனஸ் 10 சதவீதம் மட்டும்தான் என்று அறிவிப்பு வந்தது. முந்தைய ஆண்டு அது கிட்டத்தட்ட இருமடங்காக இருந்தது. பிள்ளைகளின் ஃபீஸ், வட்டிக் கடன், மகளின் கல்யாணச் செலவு எல்லாம் அந்த போனஸை நம்பித்தான் நின்றன.

பெண்கள் சங்கத்தைக் கேட்கவில்லை. எஸ்டேட் எஸ்டேட்டாக இறங்கி மூணாறு டவுனுக்கு நடந்தார்கள். கம்பெனி அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கிய கூட்டம் ஆறாயிரமாகப் பெருகியது. சுற்றுலாவுக்குப் பேர் போன ஊர் அசைவற்று நின்றது. ஆதரவு தெரிவிக்க வந்த கட்சிக்காரர்களையும் சங்கத் தலைவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். கூடையை நாங்கள் சுமக்கிறோம், பணப்பையை நீங்கள் சுமக்கிறீர்கள் என்று தமிழில் முழங்கினார்கள். வீட்டு ஆண்களிடமும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பிள்ளைகளையும் அடுப்பையும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்று அதுவரை தோட்டத்துக்கு வெளியே யாரும் கேட்டிராத பெயர்கள் கேரளம் முழுவதும் ஒலித்தன. அந்தக் கூட்டுக்கு ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் விழுந்தது.

தொடங்கிய ஒன்பது நாளில், செப்டம்பர் 13ஆம் தேதி இரவு, அரசு தலையிட்டு உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீத போனஸ், அதோடு 11.67 சதவீத கருணைத்தொகை. கேட்டபடி 20 சதவீதம். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் முடிவு வரும்வரை பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அடுத்து கூலிக்காகப் போராட்டம் தொடர்ந்தது. 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் தேயிலைத் தோட்டக் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. மாநிலம் முழுவதும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கும் அது பொருந்தியது. இன்று தினக்கூலி 400 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை நின்றது. கோமதி தேவிகுளம் ஒன்றியத்துக்குத் தேர்வானார்.

அதற்குப் பிறகு அந்த அமைப்பு உடைந்தது. தலைவிகளுக்குள் மனவேற்றுமை வந்தது, சிலர் கட்சிகளுக்குப் போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். பழைய சங்கங்கள் மறுபடி தழைத்தன. இதைச் சுட்டி ‘எல்லாம் புஸ்வாணம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அமைப்பு உடையலாம், ஒன்பது நாள் தெருவில் உட்கார்ந்து ஓர் அரசை அசைத்தோம் என்ற அனுபவம் உடைவதில்லை. அது ஆறாயிரம் வீடுகளுக்குள் போய்விட்டது. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் அம்மா மைக்கைப் பிடித்துப் பேசியதை டிவியில் பார்த்தவர்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

இப்படி ஓர் அனுபவம் மனசில் தங்கிவிடுவதை உளவியல் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள், தப்பிக்க வழியே இல்லாத துன்பத்துக்குத் திரும்பத் திரும்ப ஆளாகும் விலங்குகள், பின்பு வழி திறந்தாலும் அசையாமல் கிடப்பதைக் கண்டார்கள். கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அன்று சொன்னார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், மூளை பற்றிய புதிய ஆய்வுகளை வைத்து அதே இருவரும் தங்கள் முடிவைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது உடம்பின் இயல்பு. அதை யாரும் கற்பதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, நாம் செய்வதால் ஏதோ மாறும் என்பதைத்தான். அப்படி ஒருமுறை மாறுவதைக் கண்ட மூளை, அடுத்த துன்பத்தில் எளிதில் ஒடுங்குவதில்லை.

தேவிகுளத்துப் பெண்கள் எந்த ஆய்வையும் படித்துவிட்டுத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அவர்கள் வாழ்க்கை இந்த முடிவுக்குச் சாட்சி. நூறு வருஷம் அவர்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடந்ததில் ஒரு குறையும் இல்லை, அது மனித இயல்பு. செப்டம்பரில் அவர்கள் கண்டது, கேட்டால் மாறும் என்பது. தனியாகக் கேட்டிருந்தால் சூப்பர்வைசர் அடுத்த நாள் கடினமான சரிவில் நிறுத்தியிருப்பார். சேர்ந்து கேட்டார்கள். விரக்தியில் இருக்கும் ஒருவரிடம் ‘நம்பிக்கை வை’ என்று சொல்வதைவிட, அவர் கையால் ஒரு சின்ன விஷயமாவது மாறும்படி பக்கத்தில் நிற்பது மேல் என்று நான் நம்புவதற்குக் காரணம் இந்த மலைதான்.

பெட்டிமுடி: மாறாததன் விலை

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்தது. வரிசை லயங்கள் மண்ணுக்குள் போயின. மழையில் மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாததால், விடிந்த பிறகுதான் செய்தி மூணாறை எட்டியது. 66 உடல்கள் கிடைத்தன. 4 பேர் கிடைக்கவே இல்லை. எழுபது உயிர். இறந்தவர்களில் பலரின் வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. தாத்தாவும் பேத்தியும், அம்மாவும் மகனும் அடுத்தடுத்த லயங்களில் இருந்ததால் குடும்பங்கள் மொத்தமாகவே போயின. ராஜமலையிலேயே அவர்களைப் புதைத்தார்கள்.

எங்கே வீடு கட்டுவது, எங்கே படுப்பது என்று முடிவு செய்யும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லாத ஏற்பாடு, இயற்கைச் சீற்றத்தின் முன்னால் எப்படி உயிர் வாங்கும் என்பதை அந்த இரவு காட்டியது. நான்கு வருஷம் கழித்து, 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் சூரல்மலையிலும் முண்டக்கையிலும் சரிந்த மலை, அங்கும் தோட்டத் தொழிலாளிகளின் லயங்களை விட்டுவைக்கவில்லை.

பெட்டிமுடியிலும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. 1924 வெள்ளத்தில் மடிந்த தோட்டக் கூலிகளுக்காக யார் கேள்வி கேட்டார்கள்? பெட்டிமுடிக்கு மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தவர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இந்த வேறுபாடு ஏன் என்று உடனே குரல் எழுந்தது. முதலமைச்சர் மூணாறு வந்தபோது சாலையில் நின்று நியாயம் கேட்ட கோமதி கைதானார். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு வேலி என்ற இடத்தில் அரசு கொடுத்த நிலத்தில் கம்பெனி வீடு கட்டிக்கொடுத்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரில் நிலமும் வீடும் இருக்க முடியும் என்பதற்கு அந்த எட்டு வீடுகள் அத்தாட்சி. அதற்கு எழுபது பேர் சாக வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

இன்று: பேர் பதியாத பிள்ளைகள்

இன்று லயத்துப் பிள்ளைகள் பலர் தோட்டத்தில் பேர் பதிவதில்லை. நர்சிங், இன்ஜினியரிங், பாலிடெக்னிக் என்று படித்துக் கோயம்புத்தூர், திருப்பூர், எர்ணாகுளம் போகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் ஜீப் ஓட்டுகிறார்கள், ஹோம்ஸ்டே பார்க்கிறார்கள், டாப் ஸ்டேஷனிலும் கொழுக்குமலையிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். சிலர் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறார்கள், தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று உள்ள பணியிடங்கள் அவர்களுக்கு ஒரு வாசல். 2018 மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடங்கள் மண்சரிவில் நொறுங்கின. அந்தக் கல்லூரியை நம்பியிருந்தவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகளாக ஆக இருந்தவர்கள். 2021இல் தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜா கேரள சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். இருந்த இடத்திலேயே சிறுபான்மையான ஒரு சமூகத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாற்றத்தின் இன்னொரு முகம் மூணாறில் உள்ள சிருஷ்டி நல மையம். தோட்டத்தில் ஊனத்தோடு பிறந்த பிள்ளைகள் அன்று லயத்தின் இருட்டு அறைக்குள் வளர்ந்தார்கள். தாயும் தகப்பனும் மலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1990களில் ரத்னா கிருஷ்ணகுமாரின் முயற்சியில் அவர்களுக்கென்று பள்ளி வந்தது. படித்து வளர்ந்தவர்களுக்கு வேலையும் அங்கேயே உருவானது. அத்துல்யா பிரிவில் கையால் காகிதம் செய்கிறார்கள். ஆரண்யாவில் தைல மரத்து இலை, தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல், அவுரி ஆகியவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள். ஜப்பானின் ஷிபோரி முறையில் துணியை முடிந்து, மடித்து, தைத்துச் சாயம் காய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி வரும். செய்தவரின் கை அதில் தெரியும். மாதம் முடிந்தால் அவர்கள் கையில் சம்பளம் வருகிறது. வீட்டுக்குப் பாரம் என்று ஊர் சொன்ன பிள்ளை, வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிறது. நோக்கம் வேண்டும் என்று அலையும் படித்த இளைஞர்கள் இங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். தனக்குத் தெரிந்த வேலையைச் சரியாகச் செய்கிறவரின் முகத்தில் உள்ள நிறைவு பேச்சால் கற்பிக்கக்கூடியது அன்று.

தோட்டத்துக்கு அப்பால், பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் நடந்தால் இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து. முதுவர்கள் வாழும் குடிகள். அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் ஒரு டீக்கடை வைத்திருந்தார். கடைக்குள்ளேயே நூற்று அறுபது புத்தகங்களோடு ஒரு நூலகம். ஆசிரியர் பி.கே. முரளிதரன் அதற்குத் துணை. உறுப்பினராக 25 ரூபாய், மாதத்துக்கு 2 ரூபாய். வாசிக்க வருபவருக்குப் பாலும் சர்க்கரையும் சேராத கட்டன் சாயா இலவசம். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார் என்று நோட்டில் எழுதி வைத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு வெளியுலகுக்கு அது பரவலாகத் தெரிந்தது. வட்டவடையில் இன்னொரு நூலகம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் படிக்கப் போய், 2018இல் அங்கே குத்திக் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யுவின் பெயரில் எழுந்த நூலகம். ஊரில் நூலகம் வேண்டும் என்பது அந்தப் பையனின் ஆசை. அவன் போன பிறகு பல ஊர்களிலிருந்தும் புத்தகங்கள் வந்து குவிந்தன.

இப்படிப் பார்த்தால், இன்றைய தேவிகுளத்தில் நோக்கத்துக்கு ஒரே ஒரு வடிவம் இல்லை. தெருவில் உட்கார்ந்த தாய்க்கு ஒன்று, சாயம் காய்ச்சுகிறவருக்கு ஒன்று, காட்டில் புத்தகம் கொடுத்த முதியவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பொதுவானது: தன் வீட்டுக்கு வெளியே இன்னொருவருக்கும் தான் வேண்டும் என்ற அறிவு. அந்த அறிவு வந்த இடத்தில் விதி என்ற பேச்சு தானாகக் குறைகிறது.

அவிழாத முடிச்சு

பிள்ளைகள் போனதால் காலியான லயங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. தாது வருஷத்தில் நம் பாட்டன் எதைத் தேடி வந்தானோ அதைத் தேடித்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். அதே சரிவு, அதே 58 வயது. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் இன்னும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் தப்பித்ததால் முடிச்சு அவிழ்ந்துவிடவில்லை; அடுத்தவர் கழுத்துக்கு மாறியிருக்கிறது.

தப்பித்தவர்களுக்கும் சுகம் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. திருப்பூரில் வாடகை அறையில் ஐந்து பேரோடு தங்கி, மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்பி, ‘அம்மா ரிட்டயர் ஆனா எங்க கூட்டிட்டுப் போய் வைக்கிறது’ என்று கணக்குப் போடும் மகனின் கவலை பழைய கவலைதான். பட்டம் வாங்கிவிட்டுப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் மூணாறு டவுனில் ஜீப்புக்கு ஆள் கூப்பிடும் பையனின் சோர்வை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவனிடம் மனஉறுதி குறைவு என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அவன் அம்மா எப்படி அதிலிருந்து எழுந்தாள் என்பதை மட்டும் நினைவுபடுத்தலாம். அவள் முதலில் எழுந்தது போனஸுக்காக. எட்டக்கூடிய ஒன்றைக் கேட்டாள், பக்கத்து லயத்துக்காரியையும் கூட்டிக்கொண்டு கேட்டாள். பெரிய நோக்கம் பிறகு வந்தது.

அடுத்துக் கேட்க வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஓய்வுபெறும் தொழிலாளிக்குத் தன் பெயரில் ஒரு துண்டு நிலமும் வீடும். சரியாத மண்ணில், அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில். 1971 சட்டத்தின் எண்ணமும் குற்றியாறு வேலியின் எட்டு வீடுகளும் இது முடியும் என்று சொல்கின்றன. வீடு வேலையிலிருந்து பிரிந்துவிட்டால், எந்தப் பிள்ளையும் கூரைக்காகப் படிப்பை விட வேண்டியிருக்காது. தோட்டத்து வேலையைச் செய்கிறவரும் விரும்பிச் செய்வார், நல்ல கூலி கேட்டு வாங்கிச் செய்வார்.

இந்தக் கோரிக்கையை எழுப்பும்போது ஜார்க்கண்டுப் பெண்ணும் அசாம்காரப் பெண்ணும் பக்கத்தில் உட்கார நாம் இடம் விட வேண்டும். 2015இல் மூணாறு தெருவில் ஆறாயிரம் பெண்களுக்கு மொழி தெரிந்திருந்தது, வழி புதிதாக இருந்தது. இனி வரும் போராட்டத்தில் வழி தெரியும். மொழிகள் பலவாக இருக்கும். அந்தப் பெண்களுக்குத் தமிழைக் கற்றுக்கொடுக்கவும் அவர்கள் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளவும் லயத்தில் படித்த நம் பிள்ளைகளால் முடியும். வேலை தேடி அலுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஊரில் நிற்கும் இளைஞர்களுக்கு, இன்றே தொடங்கக்கூடிய வேலை அது.